தும்பியரைத் தூக்கும் விதி

என்னைக் கேட்காமல் தூக்கியவர்களை எல்லாம் வரிசையில் நிற்க வைத்தால், வரிசை எங்கள் அலுவலகப் படியிறங்கி, தெருவைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரைக்கும் போகும். பஸ் கண்டக்டர், பல் டாக்டர், பள்ளிக்கூட வாட்ச்மேன், கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்தவர், வங்கியில் எனக்குப் பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஒரு மனிதர். அந்த வங்கி ஆசாமி என்னைக் கவுண்டர் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப பேசும்மா" என்றார். உதவியாம். எனக்கு அப்போதே முப்பது வயது தாண்டியிருந்தது. அன்றைக்குப் புடவை வேறு கட்டியிருந்தேன்.

என் உயரம் ஒரு சமையல் மேடை அளவு. அதற்கு மேல் வளரவில்லை, இனிமேல் வளரப் போவதும் இல்லை. எனக்கு அது எப்போதோ பழகிவிட்டது. ஊரில் இருக்கிறவர்களுக்குத்தான் இன்னும் பழகவில்லை. என்னைப் பார்த்ததும் அவர்களுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடுகிறது.

அந்தக் கோபத்தில் பிறந்தவர்கள்தான் தும்பியர்.

எங்கள் அலுவலகம் கதை விளையாட்டுப் புத்தகங்கள் போடுகிறது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, 'நான் இதைச் செய்கிறேன்' என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். பாத்திரம் எடுக்கும்போது முதலில் எந்த இனம் என்று முடிவு செய்ய வேண்டும். பாறைத்தோலர், நிழல்நடையர், மலைவாசி என்று புத்தகத்தில் இனத்துக்கு ஓர் அத்தியாயம் இருக்கும். அந்த இனத்தால் என்ன முடியும், என்ன முடியாது என்று விதி எழுதுவது என் வேலை. எழுதியதைப் பக்கம் கட்டி அச்சகத்துக்கு அனுப்புவதும் நான்தான்.

முதலாளி என் மாமா, அதாவது அக்காவின் கணவர். அக்காவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் என்று முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்றே, "அட, இதுதான் குட்டியா!" என்று என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். வீடே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். மாமா கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் என் தலைவலியே. கெட்டவராக இருந்தால் ஒரு அறை விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

புதுப் புத்தகத்துக்குத் தேவதை இனம் ஒன்று வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான். "குட்டி, சிறகு, மினுமினுப்பு, மந்திரக்கோல் எல்லாம் வெச்சு அழகா ஒண்ணு போடு. எல்லாரும் தூக்கிக் கொஞ்சணும்போல இருக்கணும்" என்றார்.

தேவதை கேட்டார், கொடுத்தேன். மினுமினுப்பு மட்டும் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் தும்பியைப் பிடித்து வாலில் நூல் கட்டிப் பறக்க விடுவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த நூலை அறுத்துக்கொண்டு போன தும்பிகளின் வம்சம் என்று முதல் வரி எழுதினேன். முழங்கால் உயரம். வெயில் பட்டால் மட்டும் கண்ணுக்குத் தெரியும் நாலு இறக்கை. முன்னால், பின்னால், பக்கவாட்டில், எப்படி வேண்டுமானாலும் பறப்பார்கள். அவர்கள் மூச்சு ஊதினால் காயம் ஆறும். அவர்கள் வீட்டு வாசல் அவர்கள் உயரத்துக்குத்தான் இருக்கும், விருந்தாளி தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். அந்த வரியை எழுதும்போது எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் வந்தது, மறைப்பானேன்.

அத்தியாயத்தின் நடுவில் ஒரு விதி வைத்தேன். தும்பியரைக் கேட்காமல் தூக்கக் கூடாது. தூக்கியவர் தரையில் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்துக் கேட்கும்வரை, அவருக்குத் தும்பியரின் மந்திரம் எதுவும் பலிக்காது. அவ்வளவுதான். மற்ற எதை மாற்றினாலும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். இறக்கையின் நிறத்தை மாற்றட்டும், பெயரையே கூட மாற்றட்டும். அந்த ஒரு விதிக்காகத்தான் மிச்சம் அத்தனையையும் எழுதினேன்.

புத்தகம் அச்சுக்குப் போகிற அன்று மத்தியானம் கடைசிச் சோதனை ஆட்டம். நாங்கள் அதை வாய்ப்பூட்டு என்போம். புத்தகம் கடைக்குப் போன பிறகு எழுதினவர் கூடவே போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டு, பக்கங்களைக் கையில் கொடுத்து ஆட விடுவோம். எழுதினவர் அதே அறையில் இருக்கலாம். ஆனால் என்ன நடந்தாலும் வாய் திறக்கக் கூடாது. அலுவலகத்தில் அந்த வழக்கத்தைக் கொண்டு வந்தவளே நான்தான். என் வாய்க்கு நானே பூட்டுச் செய்து கொடுத்திருக்கிறேன்.

எங்கள் சோதனை மேசை ஒரு காலத்தில் நின்றுகொண்டு காகிதம் வெட்டுகிற மேசையாக இருந்தது. அதனால் உயரம் அதிகம். ஆட வந்தவர்கள் உயரமான ஸ்டூல்களில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சுவரோரமாக என் முக்காலியில். கதைசொல்லியாக ஒரு கணக்கு வாத்தியார் வந்திருந்தார். ஜிம் வைத்திருக்கும் ஒருவர் பாறைத்தோலர் வீரனை எடுத்துக்கொண்டார். கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கும் அவருடைய நண்பர் நிழல்நடையர் திருடன். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு இந்தத் தும்பி" என்றாள். எனக்கு மனசு குளிர்ந்தது.

அவள் தன் இனத்தின் அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தாள். நூல் அறுந்த வம்சம், நாலு இறக்கை, தவழ்ந்து போகும் வாசல். அந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. பிறகு அவள் படித்தாள்.

"'தும்பியர் கைச்சுமையாகக் கணக்கிடப்படுவர். கூட்டாளிகள் தங்கள் முறையில் அவர்களைத் தூக்கலாம், பையில் வைக்கலாம், எறியலாம். பகடை தேவையில்லை.'"

"கைச்சுமைன்னா என்னங்க?" என்றார் கூரியர்காரர்.

கதைசொல்லி பக்கத்தைப் புரட்டினார். "கயிறு, தீப்பந்தம், தண்ணிப் பை. கையில எடுத்துட்டுப் போற சாதனம் எல்லாம்."

நான் எழுதிய விதி அங்கே இல்லை. முந்தின இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். அந்த நேரத்தில் தராசு தன் பிரதியில் கை வைத்து, அதையே ஆட்டத்துக்கு அச்செடுத்துக் கொடுத்திருக்கிறான். தராசு என்பது நாங்கள் வைத்த பெயர். விதிகளை எடை போடுவது அவன் வேலை. ஓர் இனம் இன்னோர் இனத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் பலமாக இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்தான். கதவருகில் நின்ற மாமா என்னைப் பார்த்துச் சிரித்தபடி உதட்டில் விரலை வைத்தார். வாய்ப்பூட்டு.

ஆட்டம் ஆரம்பித்தது.

ஒரு கோட்டை. உயரமான மதில். மருந்துக்கடைப் பெண் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, "நான் பறந்து மேல போய், உள்ள எத்தன காவல்னு பாத்துட்டு வரேன்" என்றாள்.

"இரு இரு, என் முறைதான் முதல்ல" என்றார் ஜிம்காரர். "நான் உன்னத் தூக்கி மதிலுக்கு மேல எறியுறேன்!"

"நானே பறப்பேன்ல?"

"எறிஞ்சா இன்னும் வேகமா போவல்ல?"

கூரியர்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். தும்பி மதிலில் மோதி, பகடை எதுவும் இல்லாமலே உள்ளே விழுந்தது. அதற்கப்புறம் ஆறு வந்தது. நனையாமல் இருக்கட்டும் என்று கூரியர்காரர் தும்பியைப் பையில் போட்டுக்கொண்டார். "பைக்குள்ள நான் என்ன பண்றது?" என்று கேட்டாள். "ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா இரு" என்றார். அவள் காவலாளியிடம் பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறேன் என்றாள். அதற்குள் ஜிம்காரர் அவளைப் பையிலிருந்து எடுத்து, காவலாளியின் கண்ணைத் திசைதிருப்ப ஜன்னல் வழியாக ஆட்டிக் காட்டினார். கடைசியில் கூரியர்காரருக்கு ஒரு யோசனை வந்தது. தும்பியின் இடுப்பில் நூலைக் கட்டி, இருட்டுக் கிணற்றுக்குள் இறக்கி ஆழம் பார்த்துவிட்டு, மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

நூல். அந்த இனத்தின் முதல் வரியைக் கொஞ்ச நேரம் முன்னால்தான் அந்தப் பெண் அவர்களுக்குப் படித்துக் காட்டியிருந்தாள். காதில் வாங்கியவர்கள்தான் கட்டினார்கள். என் பற்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் எனக்கே கேட்டது. எழுந்து போய் அந்தப் பக்கங்களைக் கிழித்து எறியலாமா என்று வந்தது. கையை முக்காலிக்கு அடியில் கொடுத்து இறுகப் பிடித்துக்கொண்டேன்.

நான் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் சாய்ந்திருந்தவள் பின்னால் சாய்ந்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் பகடையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, விதிப் பக்கங்களை எடுத்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஆட்டத்தில் ஒருவர் படிக்க ஆரம்பித்தால் அவருக்கு அலுத்துவிட்டது என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் நான் பார்த்தது அப்படித்தான்.

கிணற்றடியிலிருந்து சேற்றுப் பூதம் கிளம்பியது. முதல் அடியிலேயே ஜிம்காரரின் வீரன் சாய்ந்தான். ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, அடுத்த சுற்றுக்குள் காயம் ஆறாவிட்டால் ஆள் காலி என்றார் கதைசொல்லி. அந்தக் கூட்டத்தில் காயம் ஆற்றத் தெரிந்தது தும்பிக்கு மட்டும்தான்.

"ஏங்க, வெளிய வாங்க! மூச்சு ஊதுங்க!" என்றார் ஜிம்காரர்.

அவள் பக்கத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "முடியாது."

"ஏன் முடியாது?"

"நான் கைச்சுமை." விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு படித்தாள். "'கைச்சுமையில் உள்ள எதுவும் தானாக எதையும் செய்யாது.' பன்னெண்டாம் பக்கம். நீங்களே பாருங்க."

அது நான் எழுதிய வரிதான். கயிற்றுக்கும் தீப்பந்தத்துக்கும் எழுதியது. இனத்தை இனப் பட்டியலிலிருந்து எடுத்துச் சாதனப் பட்டியலில் போட்ட தராசு அந்த வரியை மறந்துவிட்டான்.

"தானா எங்க? நாங்கதான் கேக்குறோமே!" என்றார் கூரியர்காரர்.

"கயித்துகிட்ட கேட்டா அதுவா முடிச்சுப் போட்டுக்குமா? இவ்ளோ நேரம் நான் ஒவ்வொண்ணா கேட்டேன். பறக்கவான்னு கேட்டேன், பேசவான்னு கேட்டேன். சும்மா இருன்னீங்க. இருக்கேன்."

கதைசொல்லி பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "விதிப்படி இவங்க சொல்றது சரிதான்" என்றார்.

பாறைத்தோலர் வீரன் செத்தான். அடுத்த சுற்றில் திருடனும் செத்தான். "யாரு எப்படிச் செத்தீங்கன்னு எனக்குத் தெரியல. நான் பைக்குள்ள இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் தன் பகடைகளை எடுத்து டப்பாவில் போட்டாள். எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும்போல இருந்தது.

கை தட்டியது மாமாதான். "சூப்பர்! இதுக்குத்தான் சோதன வைக்கிறது" என்று மேசைக்கு வந்தார். "சின்ன ஓட்டை, அடைச்சுடலாம். தராசு, ஒரு வரி சேத்துடு. கைச்சுமையா இருந்தாலும் தும்பி மந்திரம் மட்டும் கேட்டா போட்டாகணும். அவ்ளோதான். குட்டி, நீ அத உன் கம்ப்யூட்டர்ல ஏத்தி அச்சகத்துக்கு அனுப்பிடு. சாயங்காலத்துக்குள்ள போகணும்."

ஆட்டம் முடிந்துவிட்டது. பூட்டும் முடிந்தது.

"அப்ப தூக்கவும் தூக்கலாம், வேலையும் வாங்கலாம்" என்றேன். "ஏன் மாமா, அதோட நிறுத்திட்டீங்க? கழுத்துல மணியும் கட்டிடுங்களேன்."

"இப்ப எதுக்குக் கோவப்படுற? எல்லாரும் எவ்ளோ சிரிச்சாங்க, பாத்தல்ல?"

"சிரிச்சது ரெண்டு பேரு. மூணாவது ஆளு சிரிச்சாங்களான்னு நீங்க பாத்தீங்களா? ஆட்டம் முழுக்க அவங்க ஒரு தடவகூட பகடை உருட்டல மாமா. ஒரு தடவகூட!"

தராசு தொண்டையைக் கனைத்தான். "பறக்குற இனத்துக்கு ஒரு பலவீனம் வேணும் மேடம். இல்லாட்டி மத்த இனம் எல்லாம் அடிபட்டுப் போகும்."

"பலவீனம் குடு, யாரு வேணாம்னா? மழையில பறக்க முடியாதுன்னு போடு. குளிர்ல இறக்க மரத்துப் போகும்னு போடு. ஒரே அடியில விழுந்துடும்னுகூட போடு, வாங்கிக்கிறேன். நீ தும்பிகிட்ட ஒண்ணும் குறைக்கல தராசு. மத்தவங்க கைக்கு அனுமதி குடுத்திருக்க. அதுக்குப் பகடைகூட வேணாம்னு எழுதியிருக்க!"

ஆட வந்தவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னறையில் போனைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சத்தம் கேட்டு உள்ளே வந்தாள். "அச்சகத்துல இருந்து ரெண்டு தடவ கூப்பிட்டாச்சு. என்னடி இங்க கூச்சல்?"

நான் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டாள். அக்கா வீட்டு மாடியறையில்தான் நான் இருக்கிறேன். இத்தனை வருஷமாக எனக்கென்று வாங்கிய டம்ளரைக் கழுவி மேல் அலமாரியில் வைக்கிறவள் அவள். நான் கத்தினால், 'ஐயோ மறந்துட்டேன்டி' என்று எடுத்துத் தருவாள். மறுநாள் அது திரும்பவும் மேலே போய்விடும்.

"விடுடி" என்றாள். "விளையாட்டுதானே."

"விளையாட்டுதான். நெஜத்துலதான் என்னால ஒண்ணும் பண்ண முடியல, பஸ்ல தூக்குறான், பேங்க்ல தூக்குறான், விளையாட்டுலயாவது ஒரு ஆளு கேட்டுட்டுத் தொடணும்னு நான்..."

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. என் கால் தரையில் இல்லை. மாமா பின்னாலிருந்து வந்து அக்குளில் கை கொடுத்து என்னை அலாக்காகத் தூக்கி, பகடைகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் நடுவில் மேசை மேல் உட்கார வைத்துவிட்டார்.

"சரி சரி, சண்ட அப்புறம்" என்றார் சிரித்துக்கொண்டே, போனை நீட்டிப் பிடித்தபடி. "எல்லாரும் கிட்ட வாங்க. புத்தகத்தோட கடைசிப் பக்கத்துக்கு ஒரு படம். நம்ம தேவதைய உருவாக்குன ஆளு நடுவுல. சிரி குட்டி!"

யாரும் கிட்டே வரவில்லை. ஜிம்காரர் என்னைப் பார்த்தார், உடனே மேசையைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. பல வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் மாமாவுக்குப் புரியவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் விரல் பட்ட இடம் தனியாக எரிந்தது. கால்கள் அந்தரத்தில் தொங்கின. மேசையின் உயரம் என் உயரத்துக்கு மேல். குதித்தால் கணுக்கால் போய்விடும், ஏற்கெனவே ஒரு முறை போயிருக்கிறது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். கத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 'சரி சரி' என்று முதுகில் தட்டுவார்.

அதனால் கத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தேன்.

முன்னறையில் போன் அடித்தது. அக்கா ஓடிப்போய் எடுத்துவிட்டு, கதவிலிருந்து குரல் கொடுத்தாள். "மிஷின்காரங்க காத்திட்டு இருக்காங்களாம். இப்பவே அனுப்பலேன்னா வேற வேலைய ஏத்திடுவாங்களாம். நம்மளது அடுத்த மாசம்தானாம்."

"குட்டி, போ போ. சீக்கிரம் அந்த வரியச் சேத்து அனுப்பு" என்றார் மாமா.

நான் அசையவில்லை.

"உன்னத்தான்."

"நான் கைச்சுமை" என்றேன். "கைச்சுமை தானா எதையும் செய்யாது. பன்னெண்டாம் பக்கம்."

மருந்துக்கடைப் பெண் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மாமா முதலில் சிரித்தார். பிறகு, "விளையாடாத குட்டி, நேரமாகுது" என்றார். பிறகு தராசைப் பார்த்து, "நீ போய் ஏத்துடா" என்றார்.

தராசு என் கணினிக்குப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். "பாஸ்வேர்டு கேக்குது சார்."

"பாஸ்வேர்டு என்ன குட்டி?"

"கயித்துகிட்ட கேட்டா சொல்லுமா?"

"தராசு, என்னடா இது!"

தராசு தலையைச் சொறிந்தான். "விதிப்படி அவங்க சொல்றது சரிதான் சார்" என்றான். பாவம், பொய் சொல்ல அவனுக்கு வராது.

மாமாவின் முகம் மாறியது. "சரி, வா, இறக்கி விடுறேன்" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

"கையை எடுங்க." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இறக்குறதும் தூக்குறதுதான். தொட்டீங்கன்னா இந்தப் புத்தகம் இந்த ஜென்மத்துல அச்சுக்குப் போகாது."

நீட்டிய கை அப்படியே நின்றது. மருந்துக்கடைப் பெண் மெதுவாகக் கேட்டாள். "நீங்க எழுதுன பழைய விதி என்னங்க?"

சொன்னேன். ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன். தூக்கியவர் தரையில் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்துக் கேட்க வேண்டும்.

"என்னது, நான் தரையில உக்காரணுமா?" மாமா அக்காவைப் பார்த்தார். "கேட்டியா உன் தங்கச்சி சொல்றத?"

அக்கா என்னைப் பார்த்தாள். தொங்கிக்கொண்டிருந்த என் கால்களைப் பார்த்தாள். அவள் மாமா பக்கம் பேசுவாள் என்றுதான் நினைத்தேன், அப்படிப் பேசினால் சொல்வதற்கு நாக்கு நுனியில் நல்ல சூடாக ஒன்று வைத்திருந்தேன்.

"உக்காருங்க" என்றாள் அக்கா.

"ஏய்..."

"அவ பேசிட்டு இருக்கும்போது தூக்குனீங்க. பாதிப் பேச்சுல. நான் பாத்துட்டுதான் இருந்தேன். உக்காந்து கேளுங்க."

முன்னறையில் போன் மறுபடி அடித்தது. மாமா அதைக் கேட்டார், எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முட்டி மடக்குவதற்குப் பெரும்பாடு பட்டு, தொப்பையைச் சமாளித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவர் உச்சந்தலை வழுக்கை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் மேலிருந்து பார்த்தேன்.

நிமிர்ந்தார். "இறக்கி விடட்டுமா?"

என் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. என்ன பதில் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. வாய் தானாகச் சொன்னது.

"வேண்டாம்."

"அதான் கேட்டேனே! உக்காந்தும் கேட்டேனே!"

"கேட்டீங்க. வேண்டாம்னு சொல்றேன். கேக்குறதே அதுக்குத்தான் மாமா."

அக்கா சுவரோரத்திலிருந்து என் முக்காலியை எடுத்துக்கொண்டு வந்து, மேசையை ஒட்டிப் போட்டு, ஆடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முக்காலியை மட்டும்தான் பிடித்தாள். நான் திரும்பி, வயிற்றை மேசையில் அழுத்தி, காலால் துழாவி, முக்காலியில் கால் வைத்து, தரைக்கு இறங்கினேன். அழகான காட்சியாக இருந்திருக்காது. இறங்கினது நான்.

"பழைய விதிதான் போகும்" என்றேன்.

"போட்டுத் தொல" என்றார் மாமா, தரையிலிருந்து.

கணினியில் உட்கார்ந்தேன். என் கோப்பில் என் விதி அப்படியேதான் இருந்தது. ஆனால் எங்கள் புத்தகங்களில் முக்கியமான விதி ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் எடுத்துக்காட்டு வைப்பது வழக்கம். மேசையில் இப்படி நடந்தால் இன்னார் இப்படிச் சொல்வார் என்று இரண்டு வரி. இந்த விதிக்கு மட்டும் எனக்கு எடுத்துக்காட்டு அமையவே இல்லை. எழுதிப் பார்த்ததெல்லாம் ஒன்று அழுகையாக இருந்தது, இல்லாவிட்டால் பாடமாக இருந்தது. அந்த இடத்தைக் காலியாகவே விட்டு வைத்திருந்தேன்.

பின்னால் மாமா எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காருவதற்கு ஒத்துழைத்த முட்டி எழுவதற்கு ஒத்துழைக்கவில்லை. ஒரு கையை ஊன்றினார், இன்னொரு கையை ஊன்றினார், மறுபடி உட்கார்ந்தார். தராசு பார்த்துக்கொண்டே நின்றவன், உதவி செய்கிற வேகத்தில் பின்னால் போய் அவர் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, ஜிம்காரரையும் காலைப் பிடிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினான்.

மாமா துள்ளிவிட்டார். "ஏய்! யாரக் கேட்டுடா தொடுற? விடுடா! நானே எழுந்துக்குவேன்!"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா கத்திய வாயை மூடாமல் என் பக்கம் திரும்பினார். நான் அவரைப் பார்க்கவில்லை. எனக்கு வேலை இருந்தது.

விதிக்குக் கீழே காலியாகக் கிடந்த இடத்தில், 'எடுத்துக்காட்டு: தும்பி சொல்வது' என்று அடித்து, மாமா இப்போது கத்தியதை ஒரு எழுத்து மாற்றாமல் போட்டு, அச்சகத்துக்கு அனுப்பினேன்.